சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வெளிநாடு போகலாமா? கடலூர், புதுவை ஆசிரியர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் கல்லூரிக்குப் போய்ப் படித்தது. பி.எட். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முடித்தேன். வகுப்பில் 34 பிள்ளைகள், துணைக்கு ஓர் ஆயாம்மா.

துபாயில் இங்கிலாந்துப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு சர்வதேசப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை வந்திருக்கிறது. வீடியோ நேர்காணல் முடிந்து, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு. ஆனால் நடுவில் இருக்கும் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், பாதியை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் வேலை செய்கிறார், அதை விட்டுவிட்டு வருவதற்கு யோசிக்கிறார். மகளுக்கு நாலு வயசு. "பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்" என்கிறார் என் மாமியார்.

போய் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். அங்கே வகுப்பறை எப்படி? ஏஜென்டுக்கு இவ்வளவு கொடுப்பது வழக்கமா? என் பிள்ளையை விட்டுவிட்டு ஊரார் பிள்ளையைப் பார்க்கப் போவது சரியா என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

தேவனாம்பட்டினம் கடலோரக்காரி எழுதியது:

டீச்சர், முதல் காரியமாக, பணம் கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெயர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். இன்னொரு பக்கம், ஆள் எடுக்கும் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்று அமீரகத்தின் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது? பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே நேரடியாக எழுதிக் கேளுங்கள். நல்ல பள்ளி என்றால் பதில் வரும்.

அடுத்தது பதவி. நான் பத்து வருஷத்துக்கும் மேலாக வளைகுடாவில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உதவியாளராகத்தான் சேர்ந்தேன், இப்போது வகுப்பாசிரியை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பாசிரியைக்கு வீடு அல்லது வீட்டுப்படி, வருஷத்துக்கு ஒரு விமானச் சீட்டு, பிள்ளைக்குக் கட்டணச் சலுகை எல்லாம் பேசி வாங்க முடியும். உதவியாளருக்குப் பல பள்ளிகளில் இதில் பாதிகூடக் கிடையாது. வேலை மட்டும் குறையாது. கழிப்பறைக்குக் கூட்டிப் போவதிலிருந்து கவனிப்புக் குறிப்பு எழுதுவது வரை நீங்கள்தான்.

நம் ஊரில் ஒரு வகுப்பையே தனியாளாக நடத்திய கெட்டிக்காரப் பெண்கள் பலர் அங்கே உதவியாளராகவே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும். பெற்றோரிடம் பள்ளி காட்ட விரும்புவது இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிச் சான்று, அதாவது கியூ.டி.எஸ். இந்திய ஆசிரியர்கள் நேரடியாக விண்ணப்பிக்க 2023-இல் ஒரு வழி திறந்தார்கள். ஆனால் அது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் எடுப்பவர்களுக்கு. நம்மைப் போல மழலையர் வகுப்பு எடுப்பவர்களுக்கு அது பொருந்தாது. "ரெண்டு வருஷம் அங்க இருந்தா தானா கியூ.டி.எஸ். வந்துடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையவழியில் படிக்கும் சர்வதேசப் பி.ஜி.சி.இ., அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் நல்லதுதான், பல பள்ளிகள் மதிக்கின்றன. ஆனால் அதை முடித்தாலும் கியூ.டி.எஸ். கிடைக்காது. ஐ.கியூ.டி.எஸ். என்று தனியாக ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் இருந்தபடியே படித்து கியூ.டி.எஸ்.ஸுக்குச் சமமான தகுதி பெறுவது, அது வேறு. சேருவதற்கு முன் இந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

வில்லியனூர் வாசகர் எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. ஆசிரியையின் கணவர். புதுவையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவரோடு அபுதாபி போனவன். வீட்டுக்காரர் யோசிக்கிறார் என்று எழுதியிருந்ததால் இந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

//சம்பளம் இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு//

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள் சகோதரி. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரில் பிரித்துப் போட்டிருக்கும். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஒரு வருஷம் முடித்திருந்தால், முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்துப் போட்டிருந்தால் கடைசியில் கையில் வருவது சொற்பம். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

குடும்ப விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு. உதவியாளர் சம்பளம் அந்த வரம்பைத் தொடுகிறதா, கணவரையும் பிள்ளையையும் உங்கள் பேரில் கூட்டிவர முடியுமா என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். பல குடும்பங்கள் பிரிந்திருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

சான்றிதழ் அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மை என்று முத்திரை வாங்குவது, இழுக்கும். ஒரே முத்திரையில் சான்றிதழை ஏற்கும் நாடுகளின் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் ஒரு முத்திரையோடு முடியாது. பட்டம் கொடுத்த மாநிலத்தின் அரசு, பிறகு தில்லியின் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போன பிறகு அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்று: பி.எட். தொலைநிலையில் என்றால் "படித்த முறை என்ன" என்று பல்கலைக்கழகத்திடமிருந்து கடிதம் கேட்பார்கள். தொலைநிலைப் பட்டத்தை எல்லா நாடும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரரைப் பற்றி. ஆரம்பத்தில் எனக்கு வேலை இல்லை. காலையில் மனைவி ஆறரைக்கே பள்ளிப் பேருந்தில் போய்விடுவார். பிள்ளைக்குச் சோறு கட்டுவது, கூட்டிப் போவது, துணி மடிப்பது எல்லாம் நான்தான். ஊரிலிருந்து போன் வந்தால் "என்ன பண்றே" என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். ஆனால் என் மகனை அந்த மாதங்களில் அறிந்த அளவுக்கு அதற்கு முன் அறிந்ததில்லை. கணவரிடம் இதை மூடி மறைக்காமல் பேசுங்கள். ஆறு மாதம் வருமானம் இல்லாமல் இருக்க அவர் மனசு ஒப்புமா என்பதுதான் கேள்வி. வேலை கிடைப்பது அதற்கு அப்புறம் வரும் பேச்சு.

நெல்லிக்குப்பம் ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்குத்தான் நல்ல மழலையர் ஆசிரியர்கள் வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை எந்தக் கையில் வளர்ந்து வந்திருக்கிறது என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 2022-இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, கதை, செயல்பாடு என்று நம் பள்ளிகளும் மாறி வருகின்றன. நீங்கள் போய்க் கற்றுத் தரப்போவது ஏற்கெனவே எல்லா வசதியும் உள்ள பிள்ளைகளுக்கு. கற்பிக்கவும் விடமாட்டார்கள், விளையாட விடுவார்கள் என்று கேள்வி. இதற்காகவா குடும்பத்தைப் பிரிய வேண்டும்?

பாகூர் டீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து.

நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கும் ஒரு பெண்ணுக்கு இங்கே என்ன சம்பளம் தருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பேருந்துச் செலவும் பிள்ளை பள்ளிக் கட்டணமும் போனால் மிஞ்சுவது என்ன? ஊர்ப் பிள்ளைகளுக்காக இருந்துவிடு என்று அவரிடம் கேட்கும் முன், அவருக்குக் கௌரவமான சம்பளம் கொடு என்று பள்ளிகளிடம் நாம் கேட்டிருக்க வேண்டும்.

//கற்பிக்கவும் விடமாட்டார்கள், விளையாட விடுவார்கள்//

இதைத்தான் நீளமாகப் பேச வேண்டும். மலேசியாவில் ஒரு சர்வதேசப் பள்ளியில் இருந்துவிட்டு, மாமனார் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவள் நான். போகும் முன் எனக்கும் இதே எண்ணம்தான்.

இங்கிலாந்தின் மழலையர் திட்டம், இ.ஒய்.எஃப்.எஸ். என்பார்கள், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரைக்குமானது. ஏழு கற்றல் பகுதிகள். அதில் அடித்தளம் என்று மூன்றை வைத்திருக்கிறார்கள்: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, மனமும் பழக்கமும். எழுத்தும் எண்ணும் இவற்றுக்கு அப்புறம்தான் வருகின்றன. நாம் எல்.கே.ஜி. பிள்ளையின் கையில் முதல் மாதமே நாலு கோடு நோட்டைக் கொடுத்து ஏ முதல் இசட் வரை எழுத வைக்கிறோம். அங்கே அதே வயதுப் பிள்ளை களிமண் பிசையும், துணி மாட்டும் கிளிப்பை அட்டையில் குத்தும், மணி கோக்கும். பென்சில் பிடிக்கும் விரல்களுக்குப் பலம் வரும் வேலை அது. ஒவ்வொரு பொருளையும் எந்தப் பிள்ளைக்காக அந்த மேசையில் வைத்தோம் என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும். எழுத்தையும் பெயராகச் சொல்லித் தருவதில்லை, ஒலியாகத் தருகிறார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறின் ஒலி தெரிந்தவுடனே பிள்ளை சின்னச் சின்னச் சொற்களைத் தானாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடும். இருபத்தாறையும் வரிசையாக முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கொரியாவிலிருந்து வந்த மூன்று வயதுப் பையன். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. என் வகுப்பில் யாருக்கும் கொரிய மொழி தெரியாது. முதல் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. காலையில் பை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்பான், அப்புறம் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவான். புது மொழிக்குள் வந்து விழும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மௌனக் காலம் உண்டு, அதில் அவசரப்படுத்தக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "இது என்ன, அது என்ன" என்று கேட்காமல், அவன் செய்வதையே வாயால் சொல்லிக்கொண்டிருப்பேன். ஊற்றுகிறாய், நிரம்பிவிட்டது, கொட்டிவிட்டது. அவன் புனலைப் பிடிப்பான், நான் ஊற்றுவேன். ஒருநாள் குவளை காலியானதும் நிறுத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து "அகெய்ன்" என்றான். அவன் அம்மாவிடம் வீட்டில் கொரிய மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்றுதான் நாங்கள் சொல்லி வந்தோம். தாய்மொழி உறுதியாக இருக்கிற பிள்ளை இரண்டாம் மொழியை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். இதை நம் ஊரில் "வீட்டிலும் இங்கிலீஷில் பேசுங்கள்" என்று டைரியில் எழுதி அனுப்பும் பள்ளிகளுக்கு யார் சொல்வது?

இது கற்பித்தல் இல்லையா ஐயா? என் அனுபவத்தில் இதைவிடக் கடினமான கற்பித்தலை நான் செய்ததில்லை.

அப்புறம், பிள்ளை பாதுகாப்பு. வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் தரும் பயிற்சி இதுதான். பிள்ளை எதையாவது மனம் விட்டுச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. அது சொன்ன சொல்லிலேயே எழுதி, பொறுப்பாளரிடம் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அடிப்பது, காதைத் திருகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கேயும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது, ஆனால் எத்தனை வகுப்பறையில் ஸ்கேல் மேசைமேல் இருக்கிறது! இன்னொரு சின்ன விஷயம். ஊரிலிருந்து ஆசையாகப் பண்ருட்டி முந்திரியோ கடலை மிட்டாயோ வகுப்புக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். பல பள்ளிகளில் கொட்டை வகைகளுக்கு வாசலிலேயே தடை, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உயிர் ஆபத்து.

நெல்லிக்குப்பம் ஓய்வு தலைமையாசிரியர் எழுதியது:

பாகூர் டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தேன். தண்ணீர்த் தொட்டிச் செய்தியை என் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன், அவர் அங்கன்வாடிப் பணியாளர். சம்பளம் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் போகிறவர்கள் திரும்பி வந்து இங்கே சொல்லித் தர வேண்டும் என்ற என் ஆதங்கம் அப்படியே இருக்கிறது. மழலையர் கல்வி முறைக்குப் பெயர்பெற்ற இத்தாலியின் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் இங்கேயே தங்கி நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த விதையில் முளைத்த பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. உங்களைப் போல் நாலு பேர் நம் வட்டாரத்தில் கூடினால், சனிக்கிழமைகளில் நடத்த இடம் நான் ஏற்பாடு செய்கிறேன்.

குருசுக்குப்பம் எழுதியது:

புதுவைக்காரர்களுக்காக ஒன்று. எல்லோரும் ஆங்கிலப் பள்ளிகளை மட்டுமே பேசுகிறீர்கள். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த குடும்பங்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே நம் கண்முன்னேயே இருக்கிறது. உலகம் முழுக்க இப்படி பிரெஞ்சுப் பள்ளிகளின் வலைப்பின்னல் உண்டு, மழலையர் பிரிவை மாத்தர்னெல் என்பார்கள், மூன்று வயதிலிருந்து. பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம் என்பதால் அந்தப் பிரிவுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. உள்ளூர் ஒப்பந்தத்தில் ஆசிரியர்களையும் வகுப்பு உதவியாளர்களையும் எடுப்பார்கள். பிரெஞ்சில் பி2 நிலை, அதாவது சரளமாகப் பேசி எழுதும் நிலை, தாண்டியவர்கள் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

தேவனாம்பட்டினம் கடலோரக்காரி எழுதியது:

மஞ்சக்குப்பம் டீச்சர், மகளை விட்டுவிட்டுப் போவது பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

என் மகனை இரண்டு வருஷம் அம்மாவிடம் விட்டிருந்தேன். அம்மா குறை வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் தொழிலில் இது கூடுதல் பாரம். கணக்கர் வேலையோ நர்ஸ் வேலையோ என்றால் கண்முன்னே தன் பிள்ளை வயதில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். நமக்கு நாள் முழுக்க அதுதான். வேறொரு பிள்ளைக்கு ஷூ மாட்டிவிடும்போது நம் பிள்ளையின் கால் நினைவுக்கு வரும். தாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், கடன் நெருக்கும்போது வேறு வழியும் இல்லை, அவர்களை ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கடன் நெருக்கடி இல்லை என்றால் அவசரப்படாதீர்கள். ஆள் எடுப்பது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கும், அதற்கான ஆட்களைப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலிருந்தே பார்க்க ஆரம்பிப்பார்கள்.

வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. நடத்தும் இந்தியப் பள்ளிகளும் நிறைய. அங்கே ஏப்ரலில் ஆண்டு தொடங்கும். சம்பளம் குறைவு, பிள்ளைகள் எண்ணிக்கை அதிகம், ஆனால் நம் பட்டத்துக்கு வகுப்பாசிரியை வேலையே கிடைக்கலாம். சிலர் அதில் இரண்டு வருஷம் இருந்து, அங்கிருந்தபடியே சர்வதேசப் பள்ளிக்கு மாறுகிறார்கள்.

மஞ்சக்குப்பம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பள்ளிக்கு நேரடியாக எழுதினேன், நாலு நாளில் பதில் வந்தது. அந்த ஏஜென்டைத் தங்களுக்குத் தெரியாது, யாருக்கும் பணம் தர வேண்டாம் என்றார்கள். வேலை உண்மைதான். ஆனால் உதவியாளருக்குப் பிள்ளைக் கட்டணச் சலுகை கிடையாது, வீடு மூன்று பேரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், குடும்ப விசா என் பொறுப்பு. இதைப் படித்துவிட்டு அவரும் நானும் வெகுநேரம் பேசினோம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். "வகுப்பாசிரியை வேலை கிடைச்சா மூணு பேரும் போவோம், நான் ஆறு மாசம் வீட்ல இருக்கேன்" என்று அவரே சொன்னார். வில்லியனூர் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டியதுதான் காரணம்.

பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கடிதத்துக்காக விண்ணப்பிக்கப் போகிறேன். ஐயா, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். நடத்துவதற்கு இல்லை, கற்றுக்கொள்ள. அடுத்த நேர்காணலுக்குக் காட்ட, என் வகுப்புப் பிள்ளைகள் வளர்வதைக் குறிப்பும் படமுமாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளைப் படம் எடுத்து வேறு பள்ளிக்குக் காட்டலாமா?

பாகூர் டீச்சர் எழுதியது:

முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். பள்ளி நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, கைகளையும் அவர்கள் செய்த வேலையையும் மட்டும் எடுங்கள். பெயர் எங்கேயும் வரக் கூடாது. நேர்காணலில் அதையும் சொல்லுங்கள், பாதுகாப்பு தெரிந்த ஆசிரியை என்று அவர்களுக்குப் புரியும். குறிப்பில் "நன்றாகச் செய்தான்" என்று எழுதாதீர்கள். என்ன செய்தான், என்ன சொன்னான், அடுத்து நீங்கள் என்ன வைத்தீர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும். முதல் பத்துக் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.